மெனோபாஸ் வயதில் வரும் மறதியும் தலை மந்தமும்

கேள்வி இதுதான். வயது 48. ஒரு வருடமாக மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை காணாமல் போகிறது. எதை எடுக்க இந்த அறைக்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறது. பத்து வருடம் கூட வேலை பார்த்தவரின் பெயர் போன வாரம் கூட்டத்தின் நடுவே வரவில்லை. தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி ஒரு மந்தம். அம்மாவுக்கு எழுபதுகளில் மறதி நோய் வந்தது. எனக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டதா, இல்லை இது மெனோபாஸா? எதுவானாலும் எப்படிச் சமாளிப்பது?

பயத்தை முதலில் பேசி முடித்துவிடலாம், அது உட்கார்ந்திருக்கும்வரை வேறு எதுவும் உள்ளே போகாது. 65 வயதுக்கு முன் மறதி நோய் வருவது அரிது. அதைவிட முக்கியம், எந்தக் கூட்டத்தில் யார் பெயர் வரவில்லை என்பது வரை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. தான் மறந்ததையெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்பவரைப் பார்த்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும். மறதி நோயில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். கூட இருப்பவர்கள் கவலையோடு அழைத்து வருவார்கள், வந்தவர் "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பார். பெயர் அப்போதைக்கு வராமல் போய், வீட்டுக்குப் போகும் வழியில் தானாக வந்ததா? வந்திருந்தால் அது அழியவில்லை, எடுக்கத்தான் நேரமானது. சில விஷயங்களுக்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஒரு பொது மருத்துவர். இந்த வயதைக் கடந்து வந்தவள். எனக்கு 50 வயது இருக்கும்போது ஒரு நாள் மாலை, ரத்த அழுத்தத்துக்கு வந்த ஒரு பெரியவருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் பத்துத் தடவை எழுதும் மாத்திரை. பேனா காகிதத்தின் மேல் இருக்கிறது, பெயர் வரவில்லை. 5 மில்லிகிராம் என்பது தெரிகிறது, 'அ'-வில் ஆரம்பிக்கும் என்று தெரிகிறது, சிலருக்குக் கணுக்கால் வீங்கும் என்பதுகூட நினைவுக்கு வருகிறது. பெயர் மட்டும் இல்லை. கழுத்துக்குக் கீழே வியர்த்துவிட்டது. "பழைய சீட்டைக் கொடுங்கள், பார்த்துவிடுகிறேன்" என்று வாங்கினேன். அம்லோடிபின். அன்றிரவு நானும் உங்களைப் போலவே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பாடம் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்போம். பெரும்பாலும் அது 45-க்கும் 55-க்கும் நடுவில் வரும். தொல்லை அதிகம் தருவது அதற்கு முந்தைய சில வருடங்கள்தான், பெரிமெனோபாஸ் என்பார்கள். நீங்கள் இப்போது நிற்பது அங்கே. இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மெதுவாக, ஒழுங்காகக் குறைவதில்லை. ஒரு வாரம் உச்சிக்குப் போகும், அடுத்த வாரம் தரைக்கு வரும். ஈஸ்ட்ரோஜனுக்குக் கர்ப்பப்பையில் மட்டும் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். புது விஷயங்களைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸிலும், கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்தும் முன்மூளையிலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய உண்டு. மூளை குளுக்கோஸை எரித்துச் சக்தி எடுக்கும் விதத்திலும் அதற்குப் பங்கு இருக்கிறது. வரத்து இப்படி ஏறி இறங்கினால் அந்தப் பகுதிகள் புதிய வரத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொள்ளும்வரை தடுமாறத்தான் செய்யும்.

இது மனப்பிரமை இல்லை என்பதற்கு அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் 'ஸ்வான்' என்ற ஆய்வில் நல்ல சான்று கிடைத்தது. 2,000-க்கும் மேற்பட்ட பெண்களை நான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரித் தேர்வுகளில் உட்காரவைத்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. பொதுவாக ஒரே தேர்வைத் திரும்ப எழுதினால் பழக்கத்தில் மதிப்பெண் கூடும். பெரிமெனோபாஸ் காலத்தில் அந்தக் கூடுதல் குறைந்துபோனது. மாதவிடாய் நின்ற பிறகு திரும்ப வந்தது. ஆக, இருந்த அறிவு கரையவில்லை. புதிதாக ஒன்றைக் கற்று ஏற்றிக்கொள்வதில் ஒரு தொய்வு, அதுவும் பெரும்பாலானவர்களுக்குத் தற்காலிகம். சியாட்டிலில் நடந்த இன்னோர் ஆய்வில் நடுத்தர வயதுப் பெண்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் தங்கள் ஞாபகசக்தி மாறியிருப்பதாகச் சொன்னார்கள். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், தனித்தனியாக இரவில் விழித்திருந்து பயப்படுகிறோம்.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்று. நாம் மறதி என்று சொல்வதில் பாதிக்கு மேல் மறதியே கிடையாது. அந்த விஷயம் மூளையில் பதியவே இல்லை. சாவியை வைக்கும்போது கை வைத்தது, கவனம் போனில் இருந்தது. பதியாத ஒன்றை எப்படித் தேடினாலும் கிடைக்காது. அதனால் ஞாபகசக்தியைக் கூட்டுவது எப்படி என்று அலைவதைவிட, கவனத்தை எது திருடுகிறது என்று பார்ப்பது பலன் தரும்.

முதல் திருடன் தூக்கம். இரவு இரண்டு மணிக்கு உடம்பு திகுதிகுவென்று எரிந்து, போர்வையை உதறி, பத்து நிமிடத்தில் குளிரெடுத்து மறுபடி இழுத்துப் போர்த்தி, அப்படியே நான்கு மணி ஆகிவிடுகிறது. பகலில் கற்றதை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். அந்த நேரம் துண்டு துண்டாகிவிட்டால் மறுநாள் யாருக்கும் தலை மந்தமாகத்தான் இருக்கும், இருபது வயதுப் பையனுக்கும்கூட. இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. பாலின் மேக்கி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பெண்களின் தோலில் கருவியை ஒட்டி, சூடு ஏறுவதை எண்ணிப் பார்த்தார்கள். பெண்கள் தாங்களாகச் சொன்ன எண்ணிக்கையைவிடக் கருவி பதிந்தது அதிகம். கருவியின் எண்ணிக்கை கூடக்கூட, வார்த்தைகளை நினைவில் வைக்கும் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. அதாவது, "எனக்கு அப்படி ஒன்றும் பெரிதாகச் சூடு ஏறுவதில்லை" என்பவருக்கும் இரவில் தெரியாமல் நடந்துகொண்டிருக்கலாம்.

குறட்டையையும் விசாரியுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுவது மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கூடுகிறது. அது ஆண்களுக்கு, அதுவும் பருமனானவர்களுக்கு வருவது என்ற எண்ணத்தில் பெண்களை யாரும் கேட்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் தலைவலியோடு, அடித்துப் போட்ட மாதிரி எழுந்தால் அந்தப் பரிசோதனை தேவை.

அடுத்து மனநிலை. பதற்றமும் மனச்சோர்வும் இந்த வருடங்களில் எளிதில் வரும், அவை இரண்டுமே கவனத்தைத் தின்றுவிடும். எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதோடு, இந்த வயதில் ஒரு பெண்ணின் தலையில் எத்தனை பேருடைய நாள்காட்டி ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் தேர்வு, மாமனாரின் மருந்து, அலுவலகத்தின் கடைசித் தேதி, வீட்டு வரி. இதே வயது ஆண் மறந்தால் "வேலை அதிகம், பாவம்". பெண் மறந்தால் "வயதாகிவிட்டது".

இனி பரிசோதனைகள். எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிட்டு சரிசெய்யக்கூடிய ஒன்றைத் தவறவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தைராய்டு குறைவு அப்படியே இதே வேடத்தில் வரும்: மந்தம், மறதி, சோர்வு, எடை கூடுவது. டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வைட்டமின் பி12 குறைவும் அப்படித்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரியான மாத்திரைகளோ வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 இறங்கக்கூடும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் அதிக ரத்தப்போக்கு இருந்தால் இரும்புச்சத்து காலியாகியிருக்கும், அப்போது ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காதையும் பரிசோதியுங்கள். சரியாகக் கேட்காத வாக்கியத்தை மூளை நினைவில் வைக்க வழியில்லை.

ஹார்மோன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 45 வயதைத் தாண்டிவிட்டால் பொதுவாகத் தேவையில்லை. அது இன்றைக்கு ஒன்று காட்டும், பத்து நாள் கழித்து வேறொன்று காட்டும். உங்கள் மாதவிடாயின் போக்கே போதுமான சான்று.

வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். சில மருந்துகள் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுக்கும். ஞாபகத்துக்கு வேண்டிய ரசாயனம் அது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளான குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் இந்த ரகம். வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலினும் இதேதான். அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருவது இதே வயதில் ஆரம்பிக்கும் தொல்லை, அதற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினினும் இதில் சேரும். தூக்கத்துக்காக அல்பிரசோலம், குளோனசெபம் போட்டுக்கொண்டிருந்தால் மறுநாள் மந்தத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். ஆனால் எதையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். கடைசியில் சொன்ன இரண்டையும் சட்டென நிறுத்துவது ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் மறதி போகுமா? இதில் நேர்மையான பதில் கொஞ்சம் நீளம். இரவில் சூடு ஏறி வியர்த்துத் தூக்கம் கெடுபவர்களுக்கு அதைப் போல வேலை செய்யும் மருந்து வேறில்லை. சூடு அடங்கும், தூக்கம் வரும், தூக்கம் வந்தால் தலை தெளியும். அந்த வழியில் பலன் கிடைக்கலாம். ஞாபகத்துக்காக மட்டும், அல்லது பின்னால் மறதி நோய் வராமல் தடுப்பதற்காக என்று எடுப்பதை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. 2003-ல் வந்த அமெரிக்க ஆய்வில், 65 வயதுக்கு மேல் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையை ஆரம்பித்த பெண்களுக்கு மறதி நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு 50 வயதுக்காரர்களும் பயந்து நிறுத்தினார்கள். மாதவிடாய் நின்ற சில வருடங்களுக்குள் ஆரம்பித்தவர்களைப் பின்தொடர்ந்த 'கீப்ஸ்' ஆய்வில் ஞாபகத்துக்குக் கெடுதலும் இல்லை, தனியாக நன்மையும் இல்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைந்த நோய், பக்கவாதம், கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் இந்த வழி பொதுவாகக் கிடையாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கு. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், இயற்கையாக நிற்கும் முன்பே அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களும் தனிக் கணக்கு. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உரிய வயதுக்கு முன்பே போய்விடுகிறது. தடை ஏதும் இல்லையென்றால் இயற்கையாக நிற்கும் வயது, அதாவது ஏறக்குறைய 51 வரை, ஹார்மோன் தருவதுதான் வழக்கம். அப்படி அறுவை சிகிச்சை செய்துகொண்டு யாரும் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் நீங்களே போய்க் கேளுங்கள்.

ஹார்மோன் வேண்டாம் அல்லது கூடாது என்பவர்களுக்குச் சூட்டைக் குறைக்க வென்லாஃபாக்ஸின், கபாபென்டின் போன்றவை உண்டு. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட், மூளையில் உடல்சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே வேலை செய்கிறது. கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. பராக்ஸெட்டினும் உதவும், ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்குக் கூடாது, அந்த மருந்தின் பலனை இது குறைத்துவிடும்.

மருந்தில்லாத வழியில் தூக்கத்துக்கு நல்ல சான்று உள்ளது நடத்தைச் சிகிச்சைக்குத்தான். சாரம் எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். தூக்கம் வந்தால்தான் படுக்கை. இருபது நிமிடம் போல் புரண்டும் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்கார வேண்டும். முதல் வாரம் இன்னும் சோர்வாகத்தான் இருக்கும். அங்கேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது தினசரி சமாளிப்புக்கு வருகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விமானம் ஓட்டுபவர்கள் ஆயிரம் தடவை செய்த வேலைக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

எனக்கு அதிகம் உதவியது இடையூறைக் கையாளும் ஒரு சின்னப் பழக்கம். ஒரு வேலையில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. "ஒரு நொடி" என்று சொல்லிவிட்டு, அடுத்து செய்ய வேண்டியதை இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டுத்தான் தலை நிமிர்வேன். 'மூன்றாம் பக்கம், கையெழுத்து.' அவ்வளவுதான். திரும்பி வரும்போது விட்ட இடம் எனக்காகக் காத்திருக்கும். இந்த வயதில் அதிகம் அடிவாங்குவது இப்படிப் பாதியில் நின்ற வேலைகள்தான்.

அடுத்தது "அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா" என்ற ரகம். தினமும் ஒரே மாதிரி செய்வதால் நேற்று பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன, பிரித்தெடுக்க முடிவதில்லை. அதனால் இன்றைக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்றைச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். "தூறல் போடுகிறது, பூட்டிவிட்டேன்." தெருமுனையில் சந்தேகம் வரும்போது தூறல் ஞாபகம் வரும், பூட்டியதும் கூடவே வரும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

அறைக்குள் வந்து எதற்கு வந்தோம் என்று நிற்பது எல்லா வயதிலும் உண்டு. வாசல்படியைத் தாண்டும்போது மூளை பழைய காட்சியை மூடிப் புதிய காட்சியைத் திறந்துவிடுகிறது, இளைஞர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்ப முதல் அறைக்குப் போனால் சில நேரம் நினைவு வரலாம். அதைவிட நல்லது, கையில் ஒரு சாட்சியை எடுத்துப் போவது. கத்தரிக்கோல் எடுக்கப் போகிறீர்களா, வெட்ட வேண்டிய துணியையும் கையிலேயே கொண்டு போங்கள்.

பின்னால் செய்ய வேண்டியதை நேரத்தோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள். "சாயங்காலம் அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும்" என்றால் சாயங்காலம் எப்போது வந்தது என்றே தெரியாமல் போய்விடும். "வண்டியை நிறுத்தியதும், இறங்குவதற்கு முன் அக்காவுக்குப் போன்" என்று வையுங்கள். வண்டியை நிறுத்துவதே நினைவூட்டிவிடும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த 'இது நடந்தால் அது செய்வேன்' முறையை 1990-களிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எளிமையாகத் தெரிந்தாலும் நன்றாக வேலை செய்கிறது.

குறிப்புக்கு ஒரே ஒரு நோட்டு. துண்டுச் சீட்டு வேண்டாம், சீட்டு எங்கே என்பதே அடுத்த மறதியாகிவிடும். போனில் அலாரம் வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் மூன்று மணிக்கு மணியடிக்கும், ஏன் அடிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்போம். சாவி, கண்ணாடி, போன் மூன்றுக்கும் ஒரு இடம். அங்கே வைக்காமல் உட்காருவதில்லை என்று கொஞ்ச நாள் பிடிவாதமாக இருந்தால் கை பழகிவிடும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் ஞாபகத்தை நம்பவே நம்பாதீர்கள். அடுப்பைப் பற்றவைத்தால் உடனே டைமர், அதுவும் நீங்கள் போகும் இடமெல்லாம் உடன் வருவதாக இருக்க வேண்டும். மாத்திரைகளுக்கு ஏழு நாள் அறைகள் உள்ள டப்பா. போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொன்று போடுவதுதான் ஆபத்து.

வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நெடுநேரம் திணறியபடி தேடினால் அடுத்த முறையும் அதே இடத்தில் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கனடாவில் நடந்த ஒரு பரிசோதனையில் பார்த்தார்கள். தேடித் தவறுவதையே மூளை கற்றுக்கொள்கிறது. அதனால் சுற்றி வளைத்துச் சொல்லிப் பேச்சைத் தொடருங்கள், அல்லது உடனே பார்த்துக்கொள்ளுங்கள், கிடைத்ததும் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அன்று பழைய சீட்டை வாங்கிப் பார்த்தது தெரியாமல் செய்த சரியான காரியம். பெயர்கள் எப்போதும் கடினம், ஏனென்றால் பெயரில் பிடித்துக்கொள்ள அர்த்தம் கிடையாது. ஒருவர் தச்சர் என்பது நினைவிருக்கும், அவர் பெயர் இருக்காது. புதியவர் பெயரைக் கேட்டதும் அதே உரையாடலில் இரண்டு முறை பெயர் சொல்லிப் பேசிவிடுங்கள்.

அலுவலகத்தில், தலை தெளிவாக இருக்கும் நேரம் எது என்று கவனித்து, கணக்கு, எழுத்து போன்ற கனமான வேலையை அங்கே தள்ளுங்கள். பலருக்கு அது காலை. கூட்டத்துக்குப் போகும் முன் வருபவர்களின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது திடீரென்று கேட்டால் "குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பது போதும். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டு, வயதைச் சொல்லி, நீங்களே உங்களைக் கேலி செய்யாதீர்கள். சொல்லச் சொல்ல மற்றவர்களும் அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பிப்பார்கள், அடுத்த முறை பதற்றமே வார்த்தையை அடைத்துவிடும். வீட்டில் "அதான் உனக்கு எதுவும் ஞாபகம் இருக்காதே" என்பவர்களிடம் ஒரு முறை உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். அத்தோடு, அவரவர் தேதிகளை அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நாள்காட்டியையும் பிரித்துக் கொடுங்கள். என் அனுபவத்தில் பாதி மந்தம் அதிலேயே குறைந்தது.

உடற்பயிற்சிக்கு நீண்ட உரை வேண்டாம்: வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு நடை, இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. தூக்கம், மனநிலை, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் ஒரே மருந்து. மது இருந்தால் குறையுங்கள், அது சூட்டையும் கிளப்பும், தூக்கத்தையும் உடைக்கும். மூளை விளையாட்டுச் செயலிகளில் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரர் ஆவீர்கள். ஞாபகசக்திக்கு என்று விற்கும் ஜின்க்கோ என்ற மூலிகை மாத்திரையை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்தார்கள், மறதி நோயைத் தடுக்கவில்லை. அந்தப் பணத்தை நல்ல செருப்புக்குச் செலவிடலாம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுபதுகளில் வந்த மறதி நோய் பிள்ளைகளுக்கு ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், தீர்ப்பு எழுதிவிடாது. 65-க்கு முன்பே வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். 2024-ல் லான்செட் இதழின் ஆணையம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணக்கிட்டது. நடு வயதின் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. மேலே சொன்ன பரிசோதனைகளை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காத்திருக்காமல் போக வேண்டிய நேரங்கள் இவை. பழகிய வழியில் திசை தெரியாமல் போவது. சொன்னதையே, கேட்டதையே சற்று நேரத்தில் மறுபடி கேட்டுவிட்டு, முன்பு கேட்டது நினைவே இல்லாமல் இருப்பது. வருடக்கணக்கில் செய்த வேலையின் படிகள் குழம்புவது. குணம் மாறிவிட்டது என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வது. மாதத்துக்கு மாதம் ஒரே திசையில் மோசமாகிக்கொண்டே போவது. முகம் கோணி, பேச்சு குழறி, கை கால் சட்டென வலுவிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றாலும் ஒரு முறை மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் அந்த நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், இரவில் எத்தனை முறை விழித்தேன், சூடு ஏறியதா, மாதவிடாய் உண்டா, அன்று எதை மறந்தேன், பிறகு அது தானாக நினைவுக்கு வந்ததா. "எப்போதிலிருந்து, எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்கும்போது யோசித்துத் திணற வேண்டாம், நோட்டை அப்படியே நீட்டிவிடலாம்.